அஞ்ச வேண்டிய மாத்திரை எது?

முகப்பருவை ஒரு நோயாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இல்லை. ‘வயதுக் கோளாறு, தானாகவே போய்விடும்’ என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதும், கண்ணாடி முன் நின்று பிள்ளைகள் கலங்குவதும் தலைமுறைதோறும் நடந்துவருகின்றன. 12 வயது முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் வரை ஏதோ ஓர் அளவில் முகப்பருவுக்கு ஆளாகிறார்கள் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்குக் களிம்பே போதுமானது. சிலருக்கு மட்டும் அது கட்டிகளாகத் திரண்டு, சீழ்பிடித்து, ஆறிய பின்னும் குழிவிழுந்த வடுக்களாக முகத்தில் நிலைத்துவிடுகிறது. அத்தகையோருக்கே வாய்வழியாக உட்கொள்ளும் மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

அந்த மாத்திரைகளைப் பற்றிப் பெற்றோரிடையே பரவலாக ஓர் அச்சம் உண்டு: ‘ஈரலைக் கெடுத்துவிடும்’. இந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. முற்றிலும் மெய்யும் அன்று. எந்த மாத்திரை, எவ்வளவு காலம், யாருக்கு என்னும் மூன்று கேள்விகளைக் கேட்காமல் அதற்கு விடை காண இயலாது.

நான் மருத்துவன் அல்லன். என் பெயருக்கு முன்னால் உள்ள முனைவர் பட்டம் பொருளாதாரத்தில் பெற்றது. ஆயினும், விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு தடுமாறும் என்பது நான் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்திய பாடம். கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் மருத்துவத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். அரிசி வாங்குபவர் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். மாத்திரை வாங்குபவரால் அவ்வாறு சோதித்துப் பார்க்க முடியாது. பிறர் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டும். அந்த ‘பிறர்’ யார் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

அண்மையில் என்னைக் காண வந்த முன்னாள் மாணவி ஒருவர், இன்று வங்கி அதிகாரி. தன் மகனின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினார். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்த இளைஞர், தோல் மருத்துவரின் கண்காணிப்பில் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்துவருகிறார். கல்லீரல் நொதிகளுள் ஒன்றான எஸ்ஜிபிடி 40 என்னும் உச்சவரம்பைத் தாண்டி 62 ஆக இருந்தது; எஸ்ஜிஓடி 88. “சார், மாத்திரையை உடனே நிறுத்தணும்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க” என்றார். “எழுதிக் கொடுத்த டாக்டர் என்னம்மா சொன்னார்?” என்று கேட்டேன். அவரிடம் இன்னும் காட்டவில்லை என்றார்.

பேச்சினூடே இன்னொரு செய்தியும் தெரியவந்தது. அவருடைய மூத்த மகள் முகப்பருவுக்காக மினோசைக்கிளின் என்னும் மாத்திரையைப் பதினான்கு மாதங்களாக விழுங்கிவருகிறார். மூன்று மாதங்களுக்கென்று எப்போதோ எழுதப்பட்ட சீட்டைக் காட்டித் தெருமுனை மருந்துக் கடையில் மாதந்தோறும் வாங்குவது வழக்கமாகிவிட்டது. ஒருமுறைகூட ரத்தப் பரிசோதனை செய்ததில்லை. ‘அது வெறும் ஆன்டிபயாடிக்தானே’ என்பது வீட்டாரின் எண்ணம். சில வாரங்களாக அந்தப் பெண்ணுக்கு மூட்டுவலியும் அசதியும் இருந்திருக்கின்றன. வேலைப்பளு என்று விட்டிருக்கிறார்கள். இருவரையுமே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், முதலில் மகளை அழைத்துச் செல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஏன் மகளை முதலில்? இதைப் புரிந்துகொள்ள இரு மாத்திரைகளின் இயல்பையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஐசோட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கி, பருவின் மூலகாரணத்தையே கட்டுப்படுத்துவது. வேறு எந்தச் சிகிச்சைக்கும் மசியாத கடுமையான முகப்பரு உள்ள 14 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், அவர்களில் 13 பேருக்குப் பரு முழுவதுமாக மறைந்ததாக 1979-இல் அறிவித்தனர். மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்திய முடிவு அது. 1982-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இன்று உலகெங்கும் கடுமையான முகப்பருவுக்கு இதற்கு இணையான மருந்து இல்லை என்றே தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர்.

வைட்டமின் ஏ என்றதும் கல்லீரல் நினைவுக்கு வருவது இயல்பே. உடலிலுள்ள வைட்டமின் ஏ-யின் பெரும்பகுதி கல்லீரலில்தான் சேமித்துவைக்கப்படுகிறது. அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. 1596-97 குளிர்காலத்தில் ஆர்க்டிக் பனித்தீவொன்றில் சிக்கிக்கொண்ட டச்சுக் கடலோடிகள், பனிக்கரடியின் ஈரலைச் சமைத்து உண்டு கடும் நோயுற்றனர். அவர்களில் சிலருக்கு உடல் முழுவதும் தோல் உரிந்தது. பனிக்கரடியின் ஈரலில் குவிந்துகிடக்கும் வைட்டமின் ஏ-தான் அதற்குக் காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. வைட்டமின் ஏ-யை மிகுந்த அளவில் ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்குக் கல்லீரலில் தழும்பு விழுவதும் மருத்துவர்கள் அறிந்ததே.

ஆனால் ஐசோட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ-யைப்போலக் கல்லீரலில் குவிந்து தங்குவதில்லை. சில நாள்களிலேயே உடலை விட்டு வெளியேறிவிடுகிறது. அதனால்தான் அதன் கல்லீரல் பாதிப்பு, நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. மருந்துடன் தரப்படும் அதிகாரபூர்வக் குறிப்பின்படி, மருத்துவ ஆய்வுகளில் இதை உட்கொண்டோரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் நொதிகள் லேசாகவோ நடுத்தரமாகவோ உயர்ந்தன. அவர்களில் பலருக்கு அளவைக் குறைத்ததும், சிலருக்கு மருந்தைத் தொடர்ந்தபோதே கூட, நொதிகள் இயல்புக்குத் திரும்பின. இயல்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தோ, மருந்தை நிறுத்தும் கட்டாயம் ஏற்பட்டோ போவது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. மஞ்சள் காமாலை போன்ற வெளிப்படையான கல்லீரல் நோய் மிக மிக அரிது.

இந்த மருந்தால் கல்லீரல் நொதிகளைவிட அதிகம் பேருக்கு உயர்வது ரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு. சுமார் 25 விழுக்காட்டினருக்கு இது உயர்கிறது. அளவுகடந்து உயர்ந்தால் கணையத்தைத் தாக்கக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனையில் கல்லீரலோடு கொழுப்பையும் சேர்த்தே பார்க்கின்றனர். இவை எல்லாவற்றையும்விட இந்த மருந்தின் பெரிய ஆபத்து வேறொன்று. கருவுற்ற பெண் உட்கொண்டால் குழந்தைக்குக் கடும் பிறவிக் குறைபாடுகள் உண்டாகும். மருந்து எடுக்கும் காலத்திலும், நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு மாதத்துக்கும் கருத்தரிக்கவே கூடாது. கல்லீரலைப் பற்றிக் கவலைப்படும் குடும்பங்கள், திருமணம் நிச்சயமான மகளுக்கு இம்மாத்திரை கொடுக்கும்போது இதைப் பற்றிப் பேசத் தயங்குகின்றன. தயக்கத்துக்குரிய செய்தி அன்று அது.

இனி மினோசைக்கிளின். இது டெட்ராசைக்கிளின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி. 1970-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ளது. பருவில் வளரும் நுண்ணுயிரிகளைக் கட்டுப்படுத்தி வீக்கத்தையும் தணிக்கிறது. பார்வைக்குச் சாதுவான மாத்திரை. ஆனால் மருந்துகளால் விளையும் கல்லீரல் பாதிப்புகளைத் தொகுத்து வெளியிடும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தரவுத்தளம், ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட காரணிகளின் முதல் வரிசையில் மினோசைக்கிளினை வைத்துள்ளது.

இதன் பாதிப்பு இரு வகைப்படும். ஒன்று, தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு ஆகியவற்றுடன் வரும் ஒவ்வாமை. மற்றொன்று பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டு, ஈராண்டு கழித்து ஓசையின்றி வருவது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னுடைய கல்லீரலையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. மூட்டுவலி, அசதி, பசியின்மை எனத் தொடங்கி மஞ்சள் காமாலையில் முடியலாம். இளம்பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலோர் மருந்தை நிறுத்தியதும் குணமடைகின்றனர். சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படுகிறது. மிக அரிதாக உயிருக்கே ஆபத்தாகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மினோசைக்கிளின் உட்கொள்ளும் பலருள் இந்தப் பாதிப்புக்கு உள்ளாவோர் மிகச் சிலரே. அந்த மருந்தே தீயது என்பது என் வாதமன்று. ஐசோட்ரெட்டினாயின் தரும் பாதிப்பு பெரும்பாலும் அறிக்கையில் ஓர் எண்ணாகத் தோன்றி மறைவது. அதைத் தேடிப் பிடிக்கப் பரிசோதனைகளும் உள்ளன. மினோசைக்கிளின் தரும் பாதிப்பு அரிதாயினும் மெய்யான நோய். அதைத் தேடுவோர் எவரும் இல்லை. காவலுள்ள வாசலைப் பார்த்து அஞ்சுகிறோம். காவலற்ற வாசலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

பிரிட்டனில் மருத்துவர்களுக்கான மருந்துக் கையேடு, மினோசைக்கிளினை ஆறு மாதங்களுக்கு மேல் தொடர நேர்ந்தால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கல்லீரல் பாதிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும் என்கிறது. முகப்பருவுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லியையும் மூன்று, நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டிக்காமலிருப்பதே நன்று என்பது தோல் மருத்துவ வழிகாட்டுதல்களின் பொதுவான அறிவுரை. மினோசைக்கிளின் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழு, ஏனைய மருந்துகளைவிட அது மேலானது என்பதற்குச் சான்றில்லை என்று 2012-இல் தெரிவித்தது. அதே வகையைச் சேர்ந்த டாக்சிசைக்கிளின் கல்லீரலைத் தாக்குவது இன்னும் அரிது. ஆகவே மருத்துவர் கையில் மாற்று வழிகள் உண்டு. ஆனால் மருத்துவரிடம் திரும்பிப் போனால்தானே மாற்றித் தருவார்?

என் மாணவியின் மகளுக்கு எஸ்ஜிபிடி இயல்பைப்போல ஐந்து மடங்கு உயர்ந்திருந்தது. கண்கள் இன்னும் மஞ்சளாகவில்லை. மருத்துவர் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, கல்லீரல் நிபுணரிடம் அனுப்பினார். மூன்று மாதங்களில் நொதிகள் இயல்புக்குத் திரும்பின, மூட்டுவலியும் விலகியது. மகனின் கதை வேறு. பரிசோதனைக்கு முந்தைய மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் கடுமையாக எடை தூக்கியிருக்கிறார். எஸ்ஜிஓடி என்னும் நொதி கல்லீரலில் மட்டுமன்றித் தசைகளிலும் நிறைய உண்டு. கடும் உடற்பயிற்சியால் தசைநார்கள் நைந்தால் அதுவும் ரத்தத்தில் கலந்து அறிக்கையில் ஏறிவிடும். தசைக்கே உரிய வேறொரு நொதியையும் சோதித்த மருத்துவர் இதைக் கண்டறிந்தார். ஒரு வாரம் ஓய்வுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. மாத்திரை தொடர்ந்தது.

வீட்டார் முடிவெடுத்திருந்தால் மகனின் மாத்திரை நின்றிருக்கும். மகளின் மாத்திரை தொடர்ந்திருக்கும். இரண்டுமே தவறான முடிவுகள்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்ளும் 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன விகிதப்படி அவர்களில் சுமார் 150 பேருக்கு நொதிகள் உயரும். உண்மையிலேயே மருந்தை நிறுத்த வேண்டிய நிலை 10 பேருக்கும் குறைவு. அறிக்கையில் தடித்த எழுத்தைக் கண்டதுமே மாத்திரையை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், 140 பேருக்கு மேற்பட்டோர் தேவையின்றிச் சிகிச்சையைக் கைவிடுவார்கள். அவர்களில் பலர் ஆயுள் முழுவதும் வடுக்களைச் சுமப்பார்கள். வேறொரு நுட்பமும் உண்டு. ஆய்வகங்கள் ‘இயல்பு வரம்பு’ என்று அச்சிடுவது, நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்கும் எல்லை என்றே பொதுவாக வகுக்கப்படுகிறது. அதன்படி எந்த மாத்திரையும் உண்ணாத, எந்த நோயும் இல்லாத 1,000 பேரைச் சோதித்தாலும் சுமார் 25 பேர் மேல் வரம்பைத் தாண்டி நிற்பார்கள். வரம்பைத் தாண்டுவது வேறு, நோயுறுவது வேறு.

மருத்துவர்கள் கவலைப்படுவது வேறோர் இணைவைக் கண்டுதான். எஸ்ஜிபிடி மூன்று மடங்குக்கு மேல் உயர்வதோடு, பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியும் இரு மடங்கைத் தாண்டினால், வேறு காரணம் இல்லாத நிலையில், அது கடுமையான கல்லீரல் பாதிப்பின் அறிகுறி. அத்தகைய நோயாளிகளில் 10 பேருக்கு ஒருவர் வரை உயிரிழக்க நேரலாம் என்பது ஹைமன் சிம்மர்மேன் என்னும் அமெரிக்க மருத்துவர் கண்டறிந்த விதி. தனித்து நிற்கும் ஒரு சிறிய உயர்வுக்கும் இந்த இணைவுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

பரிசோதனை அவசியம் என்பதால் அதிகம் செய்தால் அதிக நன்மை என்றும் முடிவுகட்டிவிட முடியாது. நலமான இளைஞருக்கு மாதந்தோறும் ரத்தம் எடுப்பதற்கு ஆதாரம் போதாது என்று 2016-இல் அமெரிக்காவில் வெளியான தொகுப்பாய்வு கூறியது. சிகிச்சை தொடங்கும் முன்பு ஒருமுறையும், மருந்து உச்ச அளவை எட்டும்போது ஒருமுறையும் எஸ்ஜிபிடி, டிரைகிளிசரைடு ஆகிய இரண்டைப் பார்த்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்று 2022-இல் தோல் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று கருத்தொற்றுமை கண்டது. மது அருந்துவோர், உடல் பருமன், சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் உள்ளோருக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படலாம். எந்தச் செலவும் அது தரும் பயனால் அளக்கப்பட வேண்டும் என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம். மகனுக்கு ஆறாவது பரிசோதனைக்குச் செலவிடும் சில நூறு ரூபாயால், மகளின் முதல் பரிசோதனையைச் செய்திருக்கலாம்.

இத்தனை தகவல்களும் ரகசியமானவை அல்ல என்பதுதான் எனக்கு வியப்பளிப்பது. மருந்து நிறுவனங்கள் எச்சரிக்கைகளை எழுதி அச்சிட்டே அனுப்புகின்றன. ஐசோட்ரெட்டினாயின், மினோசைக்கிளின், டாக்சிசைக்கிளின் மூன்றும் மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையில் உள்ளவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக்கூடாதவை. சட்டமும் இருக்கிறது; அச்சிட்ட எச்சரிக்கையும் இருக்கிறது. ஆனால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துப் பத்தில் ஆறை எடுத்துக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும்போது, எச்சரிக்கை அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுத்தாள் வாங்குபவரின் கைக்கு வருவதே இல்லை. வந்தாலும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ஆங்கில எழுத்து. பெரும் பொருட்செலவில் திரட்டப்பட்ட தகவல், கடைசிப் பத்து அடி தூரத்தைக் கடக்க முடியாமல் கல்லாவின் அருகில் நின்றுவிடுகிறது.

மருந்துக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘எப்போதும் வாங்குவதுதான், கொடுங்கள்’ என்று வற்புறுத்துபவர்கள் நாம். மீண்டும் மருத்துவரைப் பார்க்க அரை நாள் விடுப்பு, காத்திருப்பு, கட்டணம்; கடைக்குப் போக ஐந்து நிமிடம். மனிதர்கள் மலிவான வழியைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. சரியான வழியை எளிதாக்குவது அரசின் கடமை. சீட்டிலேயே ‘இத்தனை வாரங்களுக்கு மட்டும்’ என்று தேதியுடன் எழுதுவது, அந்தத் தேதிக்குப் பின் மாத்திரை தர மறுப்பது, நீண்ட நாள் உட்கொள்ளும் மாத்திரைகளுக்குத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பக்கக் குறிப்புத் தருவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது.

பக்கவிளைவுகளைப் பதிவு செய்யவும் நாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் இயங்குகிறது. மருத்துவர்கள் மட்டுமன்றி, நோயாளிகளும் 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தங்களுக்கு நேர்ந்ததைத் தெரிவிக்கலாம். அரிதான பாதிப்புகள் மருந்தைச் சந்தைக்கு அனுப்பும் முன் நடக்கும் ஆய்வுகளில் தென்படுவதில்லை. சில நூறு பேரிடம் நடத்தும் ஆய்வில், பல்லாயிரத்தில் ஒருவருக்கு வருவது எப்படித் தெரியும்? ஆயிரமாயிரம் பேர் உட்கொண்ட பின்னர், பாதிக்கப்பட்டவர்கள் சொன்னால்தான் தெரியும். அவ்வகையில் ஒருவர் தரும் தகவல் அவருக்குப் பயன்படாவிட்டாலும் முன்பின் அறியாத ஒருவரைக் காக்கும்.

முகப்பருவுக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சிலவற்றைப் பின்பற்றினால் போதும். மாத்திரை தொடங்கும் முன்பே, முன்பு மஞ்சள் காமாலை வந்ததுண்டா, மது அருந்தும் பழக்கம் உண்டா, வேறு என்னென்ன மருந்துகள் எடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காசநோய், வலிப்பு ஆகியவற்றுக்கான சில மருந்துகளுக்கும் கல்லீரலைத் தாக்கும் இயல்பு உண்டு. நாட்டு மருந்து, மூலிகைப் பொடி, உடற்கட்டு ஊட்டப்பொடி ஆகியவற்றை ‘மருந்தல்ல’ என்று கருதிச் சொல்லாமல் விடுவதே வழக்கம். அவற்றையும் சொல்ல வேண்டும்.

ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் வைட்டமின் ஏ மாத்திரைகளையும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். முருங்கைக்கீரைக்கும் கேரட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை; அவற்றில் உள்ளது வைட்டமின் ஏ-யின் முன்வடிவம், உடல் தன் தேவைக்கேற்பவே அதை மாற்றிக்கொள்ளும். ஐசோட்ரெட்டினாயினையும் டெட்ராசைக்கிளின் வகை மாத்திரையையும் ஒருசேர எடுக்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் அதிகரித்துக் கடும் தலைவலியும் பார்வைக் கோளாறும் வரலாம். வெவ்வேறு மருத்துவர்களிடம் போகிறவர்களுக்கு இப்படி நேர வாய்ப்புண்டு.

பரிசோதனைக்கு முன் இரண்டு, மூன்று நாள்கள் கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது நல்லது. அறிக்கையில் எண் உயர்ந்திருந்தால் உறவினரிடம் காட்டும் முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண் மஞ்சளாதல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போதல், விடாத குமட்டல், வலப்பக்க மேல்வயிற்று வலி, காரணமற்ற அரிப்பு, புதிதாக வந்த மூட்டுவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையைத் தோழிக்கோ தம்பிக்கோ பகிர்ந்து கொடுக்கவே கூடாது.

முகப்பருவால் எவரும் இறப்பதில்லை என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆனால் நான் பாடம் நடத்திய வகுப்பறைகளில், முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே கடைசி வரிசையைத் தேடிப் போய் அமர்ந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தேவையான மாத்திரையை வீண் அச்சத்தால் மறுப்பதும் ஒரு தீங்குதான். கேள்வி கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்க விடுவது அதனினும் பெரிய தீங்கு. இன்று மாலை உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, அந்த மாத்திரையின் பெயரையும் அதை எழுதித் தந்த சீட்டின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். அந்தத் தேதி பழையதாக இருந்தால், அடுத்து போக வேண்டிய இடம் மருந்துக் கடை அன்று, மருத்துவரின் அறை.